பரிதியைத் தேடிய பெட்டி

கரூர் பைபாஸில் காரில் பாட்டு செட் மாட்டும் கடை வைத்திருந்த ஜெயசீலிக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த செங்கோடனுக்கு ஐம்பத்தாறு. அவர் வேலை பார்த்த பஞ்சாலையை மூடிவிட்டார்கள், வேறு வழியில்லை. ஞானமும் கரண்ட் ஷாக்கும் வயது பார்த்து வருவதில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. செட்டோடு முன்பு இணைத்திருந்த பழைய போனின் பெயரை அதிலிருந்து அழிக்க வேண்டுமென்றால் வண்டிக்காரர்தான் அழிக்க வேண்டும். பட்டனைக் காட்டிவிட்டு ஜெயசீலி கையை எடுத்துக்கொள்வார். செங்கோடனுக்கு இது வீண் சடங்காகப் பட்டது.

ஒருநாள் நல்லசாமி என்ற பெரியவர் காரோடு வந்தார்.

“செட்டுல பாட்டு வரோணுமுங்க அம்மணி. பேத்தி தெனமும் கேட்டு அழுவறா. அவ பாட்டெல்லாம் எம் போன்ல இருக்குது.”

ஜெயசீலி சாவியைத் திருப்பினார். செட்டின் சின்னத் திரையில் ‘பரிதி’ என்று வந்தது. அதன் கீழே, தேடுகிறது என்று காட்டப் புள்ளிகள் ஓடின.

“யாருங்க இது?”

“எம் பையன்.”

பரிதி போன ஐப்பசியில் லாரியில் அடிபட்டு இறந்தவர். போனும் அவரோடு நொறுங்கிப்போனது. செட்டுக்கு அது தெரியாது. சாவி போட்டபோதெல்லாம் பத்து மாதமாக அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

“இது பழைய செட்டுங்க. ஒரு போனைத்தான் ஞாபகம் வெச்சுக்கும். உங்க போனைச் சேக்கோணும்னா இந்தப் பேரை அழிக்கோணும்.”

“புதுசு போட்டா?”

“போடலாமுங்க. அதுலயும் இந்தப் பேரு வராது.”

நல்லசாமி பட்டனை நோக்கி விரலை நீட்டினார். மடக்கிக்கொண்டார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, போனை சீட்டிலேயே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

“அவரு வந்து அழிக்கட்டும்” என்றார் ஜெயசீலி. “இன்னைக்கானாலுஞ் சரி, அடுத்த வருசமானாலுஞ் சரி. நீங்க தொடாதீங்ணா.”

அவர் வேறொரு காருக்கு ஸ்பீக்கர் மாட்டப் போனார்.

செங்கோடனுக்கு மனசு கேட்கவில்லை. பெற்றவர் கையாலேயே அழிக்கச் சொல்வது என்ன நியாயம்? அவருக்கு ஒரு வழி தோன்றியது. பழைய போனை செட்டிலிருந்து அழித்தார். பூட்டுப் போடாத நல்லசாமியின் போனை எடுத்து, அதன் பெயரைப் ‘பரிதி’ என்று மாற்றி, செட்டோடு சேர்த்தார். பாம்பும் செத்தது, தடியும் முறியவில்லை என்று சந்தோஷப்பட்டார்.

நல்லசாமி திரும்பி வந்து உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார்.

‘பரிதி’ என்று வந்தது. புள்ளிகள் ஓடவில்லை. இணைந்துவிட்டது என்று காட்டியது. பேத்தியின் பாட்டு தானாகப் பாட ஆரம்பித்தது.

நல்லசாமி காரைவிட்டு இறங்கினார். பின்சீட்டைப் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். “பரிதி” என்று கூப்பிட்டார். வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான்.

செங்கோடன் ஓடிவந்து தான் செய்ததைச் சொன்னார். பெரியவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

“மறுக்காவும் பழையபடி தேட வெக்க முடியுங்களா?” என்றுதான் கேட்டார்.

“அந்தப் போன் இருந்தாத்தானுங்க முடியும்” என்றார் ஜெயசீலி.

நல்லசாமி காரை எடுத்துக்கொண்டு போனார். பாட்டை நிறுத்தக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து செங்கோடன் கேட்டார்.

“நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க அம்மணி செஞ்சேன். பேரு அப்படியேதானுங்க இருக்குது? நான் என்னத்தைக் கெடுத்துப்போட்டேன்?”

ஜெயசீலி கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

“பத்து மாசமா அவருகூட அந்தப் பெட்டியும் தேடிட்டிருந்துச்சுங்ணா. இனி அவரு ஒத்தையில தேடோணும்.”