கொக்கு நடுவராய் இருந்த பட்டிமன்றம்

ஒரு காலத்தில், மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசின காலத்தில், காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. அந்தக் கோடையில் அது குட்டையாகச் சுருங்கிவிட்டது. அதற்குள் ஒரு கெண்டை மீன் தன் குஞ்சுகளோடு தவித்துக்கொண்டிருந்தது.

கரையிலோ தினமும் பட்டிமன்றம்! 'மேலே ஒருவர் இருக்கிறாரா, இல்லையா?' என்பதுதான் தலைப்பு. இருக்கிறார் என்று பேசத் தவளை. இல்லை என்று பேச நண்டு. நடுவர், கொக்கு.

"மேலே இருக்கிறவர் மழை தருவார்!" என்றது தவளை.

"மேலே இருப்பது வெறும் வெயில்! கண்ணைத் திறந்து பாரும் ஓய்!" என்றது நண்டு.

"கண்ணைக் குச்சியில் நட்டு வைத்திருக்கிற நீயா எனக்குச் சொல்கிறாய்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது! தீர்ப்பு நாளைக்கு!" என்றது கொக்கு. தண்ணீர் வற்ற வற்றக் குஞ்சுகளைக் கொத்துவது சுலபம். தீர்ப்புக்கு என்ன அவசரம்?

குளத்துக்கு வரும் வாய்க்கால் திடீரென்று நின்றுபோயிருந்தது. மேட்டில் ஏதோ அடைத்திருக்க வேண்டும். போய்ப் பார்க்கக் கெண்டைக்குக் காலா இருக்கிறது? சேற்றிலிருந்து தலையை நீட்டிக் கத்தியது.

"அண்ணன்மாரே! யாராவது மேலே போய்ப் பாருங்களேன்!"

தவளை திடுக்கிட்டது. "மேலேயா? உயிரோடு எப்படித் தங்கச்சி போவது?"

"செத்தாலும் போக முடியாது! அங்கே ஒன்றும் இல்லை!" என்றது நண்டு.

"அபாரம்! நாளைக்கு இதையே தலைப்பாக வைப்போம்!" என்றது கொக்கு.

கெண்டை அழுதேவிட்டது. தவளைக்கு என்னவோ போலிருந்தது. "இரு, இரு. மேலே என்று நீ எதைச் சொல்கிறாய் தங்கச்சி?"

அந்தக் கரையில் ஒருவர் இன்னொருவரிடம் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வாய்க்காலுக்கு மேலே அண்ணே! மேட்டுல! தண்ணி அடைச்சு நிக்குது!"

"அதை முன்னாலேயே சொல்வதற்கென்ன?" என்றது நண்டு.

"தினமும்தான் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க!"

இரண்டும் வெட்கப்பட்டுக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பின. போகிற வழியில் தவளை கேட்டது: "ஆமாம், நீ யாரை இல்லை என்கிறாய்?"

"குஞ்சுகள் சாகும்போது சும்மா வேடிக்கை பார்க்கிற ஒருவரை."

"அட! அப்படிப்பட்டவரை நானும் நம்பவில்லையே!"

"பிறகு யாரைத்தான் நம்புகிறாய்?"

"வேலை முடியட்டும், சொல்கிறேன்."

வாய்க்காலில் முள்ளும் கொடியும் மண்டிக் கிடந்தன. நண்டு வெட்டியது. தவளை உதைத்துத் தள்ளியது. தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது!

"அவர் கொடுத்த கால்!" என்றது தவளை.

"நான் வளர்த்த கொடுக்கு!" என்றது நண்டு.

பேசிக்கொண்டே இரண்டும் நிழல் தேடிப் போயின. கீழே குஞ்சுகள் ஆழத்துக்குள் பாய்ந்தன. கூட்டமும் நீந்தக் கிளம்பிவிட்டது.

"தீர்ப்பு! தீர்ப்பு கேட்க வேண்டாமா?" என்று கூவியது கொக்கு. யாரும் திரும்பவில்லை. தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறியது. கொக்கு சிறகை உதறிவிட்டு, வற்றுகிற வேறு குட்டையைத் தேடி நடந்தது.

எதிரில் இருப்பவரை மடக்கும் முன், அவர் சொன்ன சொல்லுக்கு அவர் வைத்த பொருள் என்னவென்று கேட்பதே வாதத்துக்கு அழகு.