வண்ணக்கோழி கேட்ட மாடன்

மொச்சிக்குளத்தில் யாரும் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை. கூடி உட்கார்ந்து, ஆற அமரப் பேசி, எல்லாரும் தலையாட்டிய பிறகுதான் செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டங்களெல்லாம் அப்படி வந்தவைதான்.

அந்த ஊரில் சொர்ணலிங்கம் என்று ஒருவன். செங்கல் சூளையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு சேவல். பெயர் பட்டாளம். உடம்பெல்லாம் அட்டக் கறுப்பு, ஆனால் கழுத்தில் மட்டும் ஓர் இறகு கிடையாது. தலைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உரித்து வைத்ததுபோல் சிவப்பாக இருக்கும். மொட்டைக் கழுத்து என்று ஒரு ஜாதிக் கோழி உண்டு, அதில் சேர்ந்தது. சொர்ணம் வேலைக்குக் கிளம்பினால் பட்டாளம் தெருமுனை வரை கூடவே நடந்துபோய் வழியனுப்பிவிட்டுத் திரும்பும். மார்கழிப் பனியில் அந்தக் கழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவன் தன் மப்ளரில் பாதியை வெட்டி அதற்குச் சுற்றிவிட்டான்.

ஊர்த் தலைவர் ஆனைமுத்து. மாடன் கோயிலில் சாமியாடுகிறவரும் அவர்தான். அந்த வருஷக் கொடைத் திருவிழாவில் மாடன் அவர் மேல் இறங்கி, அரிவாளைத் தரையில் ஊன்றி, வரிசையாகக் கட்டிப் போட்டிருந்த சேவல்களை ஒரு பார்வை பார்த்தது.

"வருசா வருசம் கறுப்பு. எனக்குச் சலிச்சுப் போச்சுடா. அடுத்த கொடைக்கு வண்ணம் வண்ணமா வேணும். இல்லேன்னா அந்தா இருக்கே, அந்த மொட்டைக் கழுத்தை எடுத்துக்கிடுவேன்."

கூட்டத்தின் ஓரத்தில் பட்டாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற சொர்ணம் அதன் கழுத்தைத் துண்டால் மூடினான்.

சாமி மலையேறிய பிறகு ஆனைமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாடன் என்ன கேட்டான்?" என்றார். சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வண்ணக் கோழியா? நம்ம ஊர்ல அது எங்கவே இருக்கு? கொஞ்சமாவது கூறு வேண்டாமா கேக்குறவனுக்கு? நீங்க யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்லா?"

"அண்ணாச்சி, நீங்களே சொல்லியிருக்கலாமே" என்றான் சொர்ணம்.

"நான் எங்கலே அந்த நேரத்துல இருந்தேன்?"

அதுவும் நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது.

மறுநாளே சங்கம் ஆரம்பித்தாயிற்று. மொச்சிக்குளம் பல்வண்ணக் கோழி இனவிருத்திச் சங்கம். தலைவர் ஆனைமுத்து. செயலாளர் தவசிக்கண்ணு, ஊரில் நிதானமாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் சொல்வதை யாரும் மறுப்பதில்லை. பொருளாளர் லெட்சுமணத்தாய், கடை வைத்திருப்பவள். பட்டாளத்தின் படம் போட்டு பிளெக்ஸ் அடித்தார்கள். கழுத்து வெறுமையாக இருப்பது மரியாதையாக இல்லை என்று ஸ்டுடியோக்காரர் அதற்குக் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்தார். பேனர் கட்டி, மாலை போட்டு, டீ குடித்து முடித்த பிறகுதான் சங்கத்தில் பெட்டைக்கோழியே இல்லை என்பது தெரிந்தது.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க சேவல் கறுப்பு. அதை வேற வேற நிறத்துக் கோழிங்களோட சேருங்க. கருவேலங்குறிச்சியில கொண்டைக் கோழி வளர்க்கிறாங்க. தலையில பூங்கொத்து மாதிரி இறகு இருக்கும். செவலை, வெள்ளை, சாம்பல், புள்ளின்னு வாங்கிட்டு வாங்க. குஞ்சு என்ன நிறத்துல வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா பல மாதிரி வரும். ரெண்டு வாரத்துக்கு வேற சேவல் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. எந்த முட்டை எந்தக் கோழியோடதுன்னு தெரியிற மாதிரி கலர்ல அடையாளம் வச்சிடுங்க. அடையில உக்காந்த கோழிகிட்ட கூட்டமா போய் நிக்காதீங்க."

அவர்கள் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

கொண்டைக் கோழிகள் கூடையில் வந்து இறங்கின. லெட்சுமணத்தாய் குனிந்து பார்த்தாள்.

"கழுத்துல இருக்க வேண்டியதுல்லா தலையில இருக்கு."

தவசிக்கண்ணு ஒரு கோழியின் கொண்டையை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது பட்டாளத்தோட இறகு."

"எப்படிவே?" என்றார் ஆனைமுத்து.

"அவனுக்குக் கழுத்துல குறையுது. இவளுகளுக்குத் தலையில கூடுது. ஒரு எடத்துல குறைஞ்சது இன்னொரு எடத்துல இருக்கத்தானே செய்யும்?"

"அவன் இறகு கறுப்பு. இதுல ஒண்ணு வெள்ளையால்லா இருக்கு?" என்று கேட்டான் சொர்ணம்.

"எவ்வளவு காலமாச்சோ. நரைச்சிருக்கும்."

சொர்ணத்துக்கு அந்தக் கோழிகள் மேல் மனசுக்குள் கசப்பு ஏறியது. மார்கழியெல்லாம் பட்டாளம் நடுங்கினது யாரால் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் சேர்ந்து வாழப் போகிறவர்கள் என்று பொறுத்துக்கொண்டான்.

அடுத்தது, வேற சேவல் பக்கத்தில் வரக்கூடாது என்பது. பட்டாளத்தையும் கோழிகளையும் ஒரு கூண்டில் அடைத்தால் போதுமே என்று யாரோ கேட்டார்கள். தவசிக்கண்ணு சிரித்தார். "டாக்டரம்மா இவங்களை அடைக்கச் சொன்னாங்களா? மத்ததை வரக்கூடாதுன்னுதான சொன்னாங்க?" ஆகவே ஊரிலிருந்த மற்றச் சேவல்களையெல்லாம் மூட்டை முடிச்சாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, வெளியூர்ச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

பட்டாளம் புதுக் குடித்தனத்தில் கூவுவதை மறந்துவிட்டது. ஊரே வெயில் ஏறும்வரை தூங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் அங்கே இரண்டாவது மணி அடித்திருந்தது. சூளை முதலாளி சொர்ணத்தை வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். கூடிப் பேசினார்கள். தவசிக்கண்ணு பெருந்தன்மையோடு, தானே விடிகாலையில் எழுந்து கூவுவதாக ஒத்துக்கொண்டார்.

மூன்று நாள் நன்றாகத்தான் கூவினார். நாலாம் நாள் லெட்சுமணத்தாய் சங்கத்தில் ஒரு சந்தேகம் கிளப்பினாள்.

"எனக்கு ஒண்ணு தோணுது. தப்பா எடுத்துக்கிடாதீங்க. விடியக்காலம் கூவுறது யாரு?"

"நான்தான்" என்றார் தவசிக்கண்ணு.

"ஊர்ல கூவுறது எதுவும் இருக்கக்கூடாதுன்னுதானே பஸ் ஏத்தினோம்?"

தவசிக்கண்ணு யோசித்தார். அவர் நேர்மையான மனிதர். "நீ சொல்லுறது சரிதான் தாயி" என்று எழுந்து, பெட்டியில் இரண்டு வேட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மாமியார் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். கெடு முடிந்த பிறகு மற்றச் சேவல்களோடுதான் திரும்பி வந்தார்.

கோழிகள் முட்டையிட்டன. இப்போது கலரில் அடையாளம். சுவருக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டும் பிரஷும் வாங்கினார்கள். அடையாளம் என்றால் எவ்வளவு என்று டாக்டரம்மா சொல்லவில்லை, அதனால் குறை வைக்க வேண்டாம் என்று முழு முட்டைக்கும் அடித்தார்கள். ஊதா, பச்சை, ரோஸ். லெட்சுமணத்தாய் தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்து காட்டி, அதே மாம்பழக் கலரில் ஒரு குஞ்சு வேண்டுமென்றாள். ஒருவர் ஒரு முட்டையில் தன் கட்சிக் கொடியை வரைந்துவிட்டார். சங்கத்தில் அரசியல் கூடாது என்று ஆனைமுத்து அதன் மேல் வெள்ளையடித்தார். வெள்ளையும் ஒரு கட்சிதான் என்று இன்னொருவர் கோபித்துக்கொண்டு போனார்.

சொர்ணம் சூளையிலிருந்து வந்து சேர்ந்தபோது டப்பா காலி. மீதியிருந்தவை ஒரு சட்டி முட்டைகள். அடியில் ஒட்டியிருந்ததை வழித்து ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டுத்தான் வைக்க முடிந்தது.

"அவ்வளவுதான் உனக்கு வரும் சொர்ணம். நெத்திப் பொட்டு அளவுக்கு வண்ணம்" என்றாள் லெட்சுமணத்தாய், வருத்தத்தோடு.

அன்று இரவு சொர்ணம் பட்டாளத்தின் மப்ளரைச் சரிசெய்துவிட்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோழிகள் அடையில் உட்கார்ந்தன. கூட்டமாகப் போய் நிற்கக் கூடாது என்பதால், ஊர் முழுவதும் ஒவ்வொருவராக வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனது. காலையில் தொடங்கும் வரிசை விளக்கு வைக்கும்வரை போனது. வரிசையில் இடம்பிடிக்கத் துண்டு போட்டார்கள்.

நாள் நிறைந்தது. பெயிண்டு அடித்த முட்டைகளில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, தவசிக்கண்ணு ஒரு முட்டையைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டாவது கோட்டு அடிக்காம விட்டதுதான் தப்பு."

ஆனால் சொர்ணத்தின் பொட்டு முட்டைகளில் நாலு பொரித்தன. கழுத்தில் ரோமமில்லாமல், தலையில் ஒரு சின்னக் குடுமியோடு குஞ்சுகள் கீச்சுக் கீச்சென்று வெளியே வந்தன. மாதங்கள் போகப் போக ஒன்று செவலையானது. ஒன்று சாம்பலானது. ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்தது. இன்னொன்றின் முதுகு தாமிரச் செம்பைத் தேய்த்து வைத்த மாதிரி மினுங்கியது. நாலும் சேவல். மாடன் கேட்ட வண்ணம் வண்ணமாக வந்துவிட்டது, பட்டாளம் பிழைத்தது என்று ஊரே சொர்ணத்தின் முதுகில் தட்டியது.

சொர்ணத்துக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது அவன் வேலைக்குக் கிளம்பினால் பட்டாளத்துக்குப் பின்னால் அந்த நாலும் வரிசையாகத் தெருமுனை வரை வந்து நின்றன. மப்ளரின் மறுபாதியையும் நாலாக வெட்டியாயிற்று. கொடை நெருங்க நெருங்க அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. தகப்பனைக் காப்பாற்றப் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் காப்பாற்றினால் தகப்பன் போவான்.

கொடை வந்தது. மேளம் உச்சத்துக்கு ஏற, மாடன் ஆனைமுத்து மேல் இறங்கி அரிவாளை ஓங்கியது.

"எங்கடா வண்ணம்?"

சொர்ணம் கூடையோடு முன்னால் போனான். பட்டாளம் கக்கத்தில் இருந்தது.

"சாமி, ஒரு சந்தேகம். போன கொடையில வண்ணம் வேணும்னு கேட்ட. கோழி வேணும்னு கேக்கலியே?"

மேளம் நின்றது. மாடன் அரிவாளை இறக்கிவிட்டுத் தவசிக்கண்ணுவைப் பார்த்தது.

"அப்படியா சொன்னேன்?"

"வண்ணம் வண்ணமா வேணும்னு சொன்னீங்க சாமி. கோழின்னு ஒரு வார்த்தை வரல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

வேறு ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன செய்திருக்குமோ தெரியாது. இது மொச்சிக்குளத்துச் சாமி. கூடிப் பேசாமல் எதுவும் செய்து அதற்கும் பழக்கமில்லை. அரிவாளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஊரும் சுற்றி உட்கார்ந்தது.

"வண்ணம் எதுல இருக்கு?" என்று கேட்டது மாடன்.

"இறகுல" என்றார் தவசிக்கண்ணு.

"அப்ப இறகைக் குடு."

"உடம்பு இறகை எடுத்துட்டா குளிரும் சாமி" என்றான் சொர்ணம். "ஏற்கெனவே கழுத்துல இல்ல."

லெட்சுமணத்தாய் மாடனுக்குச் சோடா உடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "தலையிலதான் குடுமி இருக்குல்லா. நம்ம பிள்ளைகளுக்குச் செய்யுற மாதிரி மொட்டை போட்டு, அந்த முடியைக் காணிக்கையாக் குடுத்திருவோம்."

மாடன் சோடாவைக் குடித்து முடித்தது. "சரி. போடு மொட்டை."

சொர்ணத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாவிதரைக் கூப்பிட்டார்கள். அவர் கத்தியைத் தீட்டி, தண்ணீர் தெளித்து, செவலைச் சேவலைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாமன் மடியில உக்கார வச்சுல்லா மொட்டை போடணும்? மாமன் யாரு?"

கூட்டத்தில் இருந்தவர்கள் இதை எப்படி மறந்தோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாய்க் கோழிகள் கருவேலங்குறிச்சி. அப்படியென்றால் மாமன் அங்கேதான் இருக்க வேண்டும். வேன் போனது. மாடன் இன்னொரு சோடா கேட்டது.

வேன் திரும்பி வந்தபோது முன் சீட்டில் ஒரு பெரிய வெள்ளைக் கொண்டைச் சேவல் உட்கார்ந்திருந்தது. மேளம் கொட்டி இறக்கினார்கள். மடி எது என்று கொஞ்ச நேரம் தேடினார்கள். கடைசியில் தவசிக்கண்ணு உட்கார்ந்து, மாமனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மாமன் முதுகில் மருமகனை வைத்துப் பிடித்தார். நாவிதர் முதல் குடுமியை மழித்து மாடன் காலடியில் வைத்தார். மாடனுக்கு முகம் மலர்ந்தது.

அந்த நேரம் பட்டாளம் சொர்ணத்தின் கக்கத்திலிருந்து பாய்ந்து மாமன் மேல் விழுந்தது. இரண்டும் தவசிக்கண்ணுவின் மடியிலேயே கட்டிப் புரண்டன. வெள்ளையும் கறுப்புமாக இறகு பறந்தது. மாடன் எழுந்து அரிவாளை ஓங்கியது.

"என்னடா இது, என் சன்னிதியில சண்டை?"

சொர்ணம் பதறிப்போய் பட்டாளத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். தவசிக்கண்ணு கிழிந்த வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"அவன் மேல தப்பு இல்ல சாமி. பிள்ளைகளுக்கு மொட்டை. மாமன்காரன் ஒரு சீர் கிடையாது, செனத்தி கிடையாது, கையை வீசிக்கிட்டு வந்து உக்காந்திருக்காரு. தகப்பனுக்குக் கோவம் வராதா?"

மாடன் மாமனை ஏற இறங்கப் பார்த்தது. உண்மையில் அதன் கையில் எதுவும் இல்லை.

"நியாயந்தானே" என்று அரிவாளை இறக்கியது. "வேனைத் திருப்பு. டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி, பிள்ளைகளுக்குத் துணியும் ஒரு பித்தளைக் குடமும் வாங்கிட்டு வரச் சொல்லு. நான் இங்கனயே இருக்கேன்."

மாமனை மறுபடி முன் சீட்டில் ஏற்றினார்கள். வேன் புறப்படும்போது சொர்ணம் பட்டாளத்தையும் மொட்டைத் தலைச் செவலையையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சன்னல் வழியாக டிரைவரிடம் சொன்னான்:

"அண்ணே, துணி எடுக்கையில நீங்க குறுக்க பேசாதீங்க. அவரே பாத்து எடுக்கட்டும். நாம எடுத்துக் குடுத்தா நாளைக்கு அது சீராகாது பாருங்க."