அலகு வராத கோழிக்குஞ்சு

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பின் அறையில் ஏதோ அழுதது.

"ங்ஙீ..." என்று ஓர் இழுப்பு. அப்புறம் ஒரு விக்கல். மறுபடி "ங்ஙீ..."

சூசைராஜ் கடித்த வடையைக் கடித்தபடியே நிறுத்தினான். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் கேட்கிற சத்தம் அது. ஆனால் இது பாளையங்கோட்டையில் பொம்மைப்படம் செய்கிற கம்பெனி. பின் அறையில் இருப்பவை பத்துக் கம்ப்யூட்டர்கள். அங்கே பிள்ளை ஏது?

ராத்திரி வேலைக்கு இருந்த மூன்று பேரும் போய்ப் பார்த்தார்கள். குடையை ஓங்கியபடி பிலோமி முன்னால் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூக்காண்டி. சூசைராஜ்தான் அறைக்குப் பொறுப்பு என்பதால், பொறுப்பாகக் கடைசியில் வந்தான்.

அழுதது ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர். திரையில் 'லைசென்ஸ் இல்லை' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு கோழிக்குஞ்சு மழையில் குடை பிடித்து நடக்கிற படம். அதைத் துண்டு துண்டாக வரைந்து தள்ளுவது கம்ப்யூட்டர்களின் வேலை. வரைகிற சாஃப்ட்வேருக்கு முதலாளி வாங்கியிருந்தது மூன்றே லைசென்ஸ். ஆகவே ஒரு சமயத்தில் மூன்றுதான் வரையும். மற்ற ஏழும் காத்திருக்கும், கேட்டுக் கிடைக்காத போதெல்லாம் கத்தும். படம் முழுக்க முடிந்து, கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. நாளை மதியத்துக்குள் டிவிக்காரர்கள் கையில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி மூடல், சூசைராஜுக்கு மாமனாரின் உரக்கடை. மாமனார் இப்போதே மருமகனுக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டு, தூசி படாமல் சாக்கால் மூடியும் வைத்திருந்தார்.

மதுரையில் கல்யாண வீட்டில் இருந்த முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டார்கள். பின்னால் நாகஸ்வரம் காதைப் பிளந்தது.

"மூணுக்கு மேல ஆகாதுல, சூச! மாத்தி மாத்திக் குடு. ஒண்ணோட ஒண்ணு சண்டை வராம பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார்.

"மாத்தி மாத்தின்னா, ஒண்ணுக்கு எம்புட்டு நேரம்?" என்றான் சூசைராஜ்.

"எங்க கான்வென்ட்ல ஒரே ஊஞ்சல்தான்," என்றாள் பிலோமி. "சிஸ்டர் மாலையை உருட்டி ஒரு ஜெபமாலை சொல்லுவாங்க. முடிஞ்சதும் ஆடுற பிள்ளையை எறக்கிவிட்டுட்டு அடுத்த பிள்ளை. ஒரு நாளும் சண்டை வந்ததில்ல."

"எறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா?"

"முட்டி போட வைப்பாங்க."

மூக்காண்டி கம்ப்யூட்டர்களைக் கீழே குனிந்து பார்த்தான். "இதுகளுக்கு முட்டி இல்லையே."

"நல்லதாப் போச்சு. அப்போ அடம் பிடிக்காது," என்று சூசைராஜ் தீர்ப்புச் சொன்னான்.

பிலோமி ஜெபமாலையை எடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல சூசைராஜ் பதில் செபம் சொன்னான். மூக்காண்டிக்கு அந்தச் செபம் தெரியாது. ஆனாலும் ஒதுங்கி நிற்காமல் ஆமென் மட்டும் சத்தமாகச் சொன்னான்.

ஒரு ஜெபமாலை முடிகிற நேரத்தில் குஞ்சுக்குக் குடை வந்துவிடும், தலை வந்துவிடும், கண்ணும் வந்துவிடும். அலகு வரப்போகிற சமயத்தில் பிலோமி, "போதும், எறங்கு," என்று மூன்றையும் நிறுத்திவிட்டு, அழுகிற வேறு மூன்றுக்கு லைசென்ஸைக் கொடுத்துவிடுவாள். அவையும் முதலிலிருந்து குடையை வரைய ஆரம்பிக்கும். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று அழுதது. பாதியில் இறக்கிவிடப்பட்டவை இன்னும் சத்தமாக அழுதன. விடிய விடிய நீதி நடந்தது.

விடிந்ததும் சூசைராஜ் வரைந்ததை எல்லாம் பார்த்தான்.

"லேய், ஒண்ணுக்காவது அலகு இருக்கால?"

"குஞ்சுதான அண்ணே," என்றான் மூக்காண்டி. "இனிமேத்தான் மொளைக்கும்."

சூசைராஜின் கண்ணுக்குள் சாக்குப் போட்ட ஸ்டூல் வந்து நின்றது. அண்ணாச்சிக்குப் போன் போட்டான்.

"ஒண்ணு முடிச்சப்புறம் மாத்தணும்ல, மடப்பயலே!" பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அண்ணாச்சி அலறினார். "வந்துக்கிட்டே இருக்கேன். எதையும் தொடாதீங்க! அந்த ரூம்ல மூணுக்கு மேல ஒண்ணும் ஆகாது, ஆமா!"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்தார்கள். சரியாக மூணு. நிம்மதியாகக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டார்கள்.

அண்ணாச்சி வந்து கதவை இடித்தார். "தொறல!"

"அண்ணாச்சி, நாங்க மூணு பேர் உள்ள இருக்கோம்," என்றான் சூசைராஜ் பணிவாக. "நீங்க நாலாவது. கொஞ்சம் காத்திருங்க."

இடி நின்றது. பிறகு அண்ணாச்சி, அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "ஒருத்தர் வெளிய வந்தா, நான் உள்ள வரலாமா தம்பி?"

"தாராளமா."

மூக்காண்டி வெளியே போனான். அண்ணாச்சி உள்ளே பாய்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். "மூணு மெஷினும் பாதியில எறங்காம ஓடுனா மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்ல சூச," என்று கீபோர்டில் கை வைத்தார்.

வெளியே மூக்காண்டி, "ங்ஙீ..." என்றான்.

பிலோமி ஜெபமாலையைச் சுருட்டினாள். அவசர நேரம் என்பதால் மாலையில் பத்து மணிகளை மட்டும் உருட்டிச் சொல்லி முடித்திருந்தாள். "எறங்குங்க அண்ணாச்சி. மூக்காண்டி முறை."

அண்ணாச்சி எழுந்தார். ஒரு கையில் சூசைராஜின் காலர், மறு கையில் பிலோமியின் குடை. குடையாலேயே அவளையும் தள்ளிக்கொண்டு போய் இருவரையும் வாசலுக்கு வெளியே விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

"இனிமே ஒங்க மூணு பேருக்கும் வெளிய நிக்கிறதுதான் வேலை!" என்று குரல் மட்டும் வந்தது. "சம்பளம் மாசாமாசம் வந்துரும். உள்ள மட்டும் வந்துராதீங்கய்யா!"

சூசைராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். உரக்கடை இல்லை, ஸ்டூல் இல்லை. மடித்து வைத்திருந்த நேற்றைய மீதி வடையைத் தின்று முடித்தான். தின்னும்போதே அவனுக்கு ஒன்று உறைத்தது.

"பிலோமி, உள்ள இப்ப எத்தனை பேர்?"

"அண்ணாச்சி மட்டும்தான்."

"அப்போ ரெண்டு எடம் சும்மா கெடக்கு! சும்மா கெடக்க விட்டா முதலாளிக்குத்தான நஷ்டம்?"

"நாம மூணு பேராச்சே அண்ணே," என்றான் மூக்காண்டி. "எந்த ரெண்டு?"

சண்டை வரக்கூடாதே. ஆகவே மூவரும் வரிசையாகக் கதவில் வாயை வைத்து, ஒரே குரலில், "ங்ஙீ..." என்று ஆரம்பித்தார்கள்.

உள்ளே நாற்காலி உருண்ட சத்தம் கேட்டது. பிறகு, அந்த அறை கட்டிய நாள் முதல் யாரும் தொட்டிராத உள்தாழ்ப்பாள் துருவோடு கிறீச்சிட்டு, டொக்கென்று மாட்டிக்கொண்டது.