கலைத்த பிறகும் நிற்பது

ஒன்று வர வேண்டிய இடத்தில் ஏழு வந்தது.

இன்னாசிமுத்து ஏழுக்கும் பெயர் வைத்தார். தப்பு அங்கே தொடங்கியது.

அவருக்கு வேலை ஒரு காப்பகத்தில். ஆதரவில்லாத பிள்ளைகளை வீடுகளில் வளர்க்கக் கொடுக்கும் இடம். கொடுத்துச் சில மாதம் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் போகும். இருபத்து நான்கு கேள்வி. முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. எதைக் கேட்டாலும் விஷயம் ஒன்றுதான்: இந்த வீட்டுக்குப் பிள்ளை வளர்க்கும் மனசு இருக்கிறதா?

கேள்விகளை எழுதியவர் அவரே. அதை வைத்து முனைவர் பட்டமும் வாங்கப் பார்த்தார், ஐம்பது தாண்டிய வயதில்.

வழிகாட்டி பல்கீஸ். அவரைவிட வயதில் சின்னவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். மற்றபடி குரு குருதான்.

“மேடம், ஏழு பரிமாணம் வந்திருக்கு.”

“உட்காருங்க.”

உட்காரவில்லை.

“ஏழும் என்னென்ன?”

“பொறுமை, பாசம், பொறுப்பு, விட்டுக்கொடுக்கிறது…” விரலை மடக்கிக்கொண்டே போனார்.

கணக்கு பெரிய ரகசியமில்லை. சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும் பதில்களை ஒரு கட்டாகக் கட்டும். ஒரு கட்டு, ஒரு பரிமாணம். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எடை. எடை ஒன்றைத் தாண்டினால் வைத்துக்கொள், தாண்டாவிட்டால் தள்ளு. இன்னாசிமுத்து படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஏழு தாண்டியது.

பல்கீஸ் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். ஏதோ தட்டினார். திருப்பி வைத்தார்.

“இதுல எத்தனை?”

எண்ணினார். “ஒன்பது! இது எந்த ஊர்த் தாள் மேடம்?”

“பேர் வைங்க.”

வைத்தார். கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்பதாவது மட்டும் பிடிகொடுக்கவில்லை. மேலே கூரையைப் பார்த்தார். பிறகு, “தன்மானம்,” என்றார்.

“ரொம்பப் பொருத்தம். இது உங்க தாள்தான் சார். ஒவ்வொரு கேள்வியிலயும் பதில்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுட்டேன். ஒருத்தர் பதில் இன்னொருத்தர் தலையில. இதுல மனுசங்களே இல்ல.”

இப்போது உட்கார்ந்தார்.

“கலைச்ச குப்பையிலயும் ஒன்னைத் தாண்டும். அதையும் தாண்டி உசந்து நிக்கிறது எதுன்னு பாருங்க. நூறு தடவை கலைங்க. போங்க.”

*

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

“ரெண்டு நிக்குது மேடம். ஆயிரம் தடவை கலைச்சுட்டேன். ரெண்டும் அசையல.”

“சரி. ரெண்டு.”

“முதல் பன்னிரண்டு கேள்வி ஒரு கட்டு. அது பொறுமை. அடுத்த பன்னிரண்டு இன்னொரு கட்டு. அது பாசம்.”

“யார் சொன்னா?”

“கேள்வியைப் படிச்சாலே தெரியுதே.”

“நேத்து தன்மானமும் தெரிஞ்சுது.”

இன்னாசிமுத்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார்.

“மேடம், விளையாட்டு இல்ல. வெள்ளிக்கிழமை ஒரு உத்தரவுல நான் கையெழுத்துப் போடணும். நெல்லையப்பன்னு ஒருத்தர். அவர் வீட்டம்மா சண்முகவடிவு. அல்லின்னு மூணு வயசுப் பிள்ளை அங்க வளருது. அவங்க தாள்ல பொறுமை உச்சத்துல இருக்கு. பாசம் தரையில கிடக்கு. பாசம் இல்லாத வீட்டுல பிள்ளையை விட்டுவைக்க முடியுமா? கூட்டிட்டு வந்துரணும்.”

“பிள்ளை என்ன சொல்லுது?”

“மூணு வயசு. அது என்ன சொல்லும்?”

“அப்போ உங்க ரெண்டாவது கட்டுதான் சொல்லுது.”

“ஆமா.”

“அது என்னன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்.”

இன்னாசிமுத்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

பல்கீஸ் மேசையிலிருந்து ஒரு கேள்வித்தாளை எடுத்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார். முன், பின், முன், பின். விசிறுகிற மாதிரி இருந்தது. பிறகு அதை அவர் கையில் திணித்தார்.

“வீட்டுல நிரப்பிக் கொண்டாங்க.”

“எழுதினதே நான்தானே!”

“எழுதினீங்க. பதில் சொல்லியிருக்கீங்களா?”

“மேடம், நேரமில்ல…”

“அதான் சொல்றேன், கிளம்புங்க.”

*

வழியெல்லாம் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார். நின்றபடியே நிரப்பினார்.

கோபம் வந்தால் அடக்கிக்கொள்வேன். எப்போதும். காத்திருப்பது எனக்குச் சிரமமில்லை. எப்போதும். முன்பக்கம் முழுக்க எப்போதும்.

போன் அடித்தது. அலுவலகம்.

“சார், வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லிரவா? பிள்ளையைக் கூப்பிட.”

“சொல்லு. இரு, சொல்லாதே. பிறகு பேசுறேன்.”

அதற்குமேல் தாளில் மனம் நிற்கவில்லை. அடுக்களையில் மனைவி லூர்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“லூர்து, மிச்சத்தை நீ போட்டுரு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் முன்பக்கத்தைப் படித்தாள். சிரித்தாள்.

“காத்திருக்கிறது சிரமமில்லையாமே! குழம்பு கொதிக்கிறதுக்குள்ள மூணு தடவை மூடியைத் தூக்குற ஆளு.”

“பின்பக்கத்தைப் போடு.”

“பிள்ளை அழுதால் எரிச்சல் வரும்.” சத்தமாகப் படித்தாள். “வரும். நம்ம ரெண்டும் என்ன பாடு படுத்துச்சு? உங்களுக்கென்ன, ஆபீசுக்குப் போயிருவீங்க.” அடிக்கடி என்பதில் டிக் அடித்தாள். மிச்சத்தையும் அதே வேகத்தில் முடித்தாள். தாளை நீட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினாள்.

இன்னாசிமுத்து பார்த்தார். முன்பக்கம் மேடு. பின்பக்கம் பள்ளம். நெல்லையப்பன் தாள் மாதிரியே.

புரட்டினார். மறுபடி புரட்டினார்.

செருப்பைத் தேடினார்.

“சாப்பிடாம எங்க ஓடுறீங்க?”

*

நெல்லையப்பன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு வீட்டில் இருந்தார். காப்பக அதிகாரியை வாசலில் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. பின்னால் சண்முகவடிவு. இடுப்பில் அல்லி. இன்னாசிமுத்து வழியில் அலுவலகத்தில் எடுத்து வந்த அவர்கள் தாளை நீட்டினார்.

“இந்தத் தாளை நிரப்பினது யாரு?”

“நான்தான் சார்.”

“முழுசுமா?”

“முழுசும். ஒரு கேள்வி விடல சார்.”

“பின்பக்கமும்?”

“சத்தியமா சார்.”

இன்னாசிமுத்து தாளை இன்னொரு தடவை புரட்டினார். நினைத்து வந்தது ஒன்று, கேட்டது வேறு. ஒரே ஆள் என்றால் உத்தரவு சரிதான். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். படி இறங்கினார்.

“பின்பக்கம் நான் போட்டேன்.”

திரும்பினார்.

“ஏட்டி, சும்மா இரு,” என்றார் நெல்லையப்பன்.

“நீங்க சும்மா இருங்க. முன்பக்கம் அவுக, சார். நேரமாச்சுன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாக. மிச்சம் நான் போட்டது.”

“சார், அவ விவரம் தெரியாம பேசுதா. பிள்ளையை எடுத்துராதீங்க சார்.”

இன்னாசிமுத்து அவளைப் பார்த்துக் கேட்டார். “பிள்ளை அழுதா எரிச்சல் வரும்னு போட்டிருக்கீங்க. அடிக்கடின்னு.”

“வருது.”

“எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிரலாம்னு தோணும். அதுக்கும் ஆமா.”

“தோணுது சார். காய்ச்சல்ல விடிய விடியக் கத்துனா தோணாதா? தோணுச்சு, போகலையே. இங்கதான நிக்கேன்.” பிள்ளையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “பொய் போட்டாத்தான் பிள்ளையை விட்டுவைப்பீகன்னா, அதைத் தாள்லயே எழுதியிருக்கணும்.”

அல்லி புது ஆளை ஒரு பார்வை பார்த்தது. பிடிக்கவில்லை. சண்முகவடிவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

*

வெள்ளிக்கிழமை. பல்கீஸின் அறை.

“மத்த வீட்டுக்கெல்லாம் போன் போட்டேன் மேடம். பாதி வீட்டுல அதே கதை. முன்பக்கம் புருசன், பின்பக்கம் பொண்டாட்டி. பொறுமையும் இல்ல, பாசமும் இல்ல. ரெண்டு ஆள்.”

“அப்புறம்?”

“முழுத்தாளையும் ஒரே ஆள் நிரப்பின வீடுகளை மட்டும் தனியா எடுத்தேன். கலைச்சு வச்சுப் பாத்தேன்.”

“எத்தனை நிக்குது?”

“ஒன்னு.”

“உத்தரவு?”

“கிழிச்சுட்டேன். வண்டியும் வேண்டாம்னுட்டேன். இனிமே வீட்டுக்கு ரெண்டு தாள். ஆளுக்கு ஒன்னு.”

பல்கீஸ் தலையாட்டினார். மேசை மேலிருந்த தாள்களை ஒதுக்கினார்.

“ஆய்வேட்டுல இதை எழுதணும். பிழை எப்படித் திருந்துச்சு, எதனால திருந்துச்சுன்னு கேப்பாங்க. என்ன எழுதுவீங்க?”

இன்னாசிமுத்து யோசித்தார். கலைத்துப் பார்த்த கணக்கை எழுதலாம். அதற்கு மரியாதை உண்டு. மேடம் சொல்லிக் கொடுத்ததை எழுதலாம். அதுதான் வழக்கம். தான் அலைந்ததையும் ஒரு வரி சேர்க்கலாம்.

“சண்முகவடிவு,” என்றார்.