ஆடு குடித்த கஷாயம்

கொரிய மலை ஒன்றில் ஹேவொன் என்ற பெண் துறவியின் சிறிய மடம் இருந்தது. ஹேவொனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் சாங்முவோ பேரன் எடுத்தவர். மடத்துக்கு வருமுன் காகிதம் செய்து பிழைத்தவர். அரண்மனைக்கே காகிதம் அனுப்பியவர். அதை யாரும் கேட்காமலே சொல்லுவார்.

சாங்முவுக்கு ஒரே ஆசைதான். துறவாடை வேண்டும். ஹேவொன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"இன்னும் என்ன குறை, குருவே?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

ஹேவொன் சமையலறைக்குப் பக்கத்து அறையைக் காட்டினார். அங்கே மடத்துக்கு மூட்டை சுமக்கும் தொல்சே, காய்ச்சல் விட்டும் எழ முடியாமல் கிடந்தான். பனி கொட்டிப் பாதை மூடுவதற்குள் கீழேயிருந்து அரிசி வந்தாக வேண்டும். அந்த ஏற்றத்தில் மூட்டை தூக்க அவனை விட்டால் ஆளில்லை.

"தோட்டத்துல ஜின்செங் வேர் இருக்கு. கஷாயம் வெச்சுக் குடுத்து இவனை எழுப்புங்க. அன்னிக்கே ஆடை."

சாங்முவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வேரைத் தோண்டினார். பழுப்பாக, மண் அப்பிக்கொண்டு இருந்தது. முகம் சுளித்தார். காகிதக்காரருக்கு வெள்ளையாக இல்லாத எதுவும் அழுக்குதான்.

காகிதம் செய்ய மரப்பட்டையை என்ன பாடுபடுத்துவாரோ அதையே வேருக்கும் செய்தார். தோலைச் சுரண்டினார். சல்லிவேர்களை நறுக்கித் தள்ளினார். கொதிக்கவிட்டு, நிறம் இறங்கிய தண்ணீரைக் கொட்டினார். மறுபடி கொதிக்கவிட்டார், மறுபடி கொட்டினார். கடைசியில் வேர் வெள்ளைவெளேர் என்று ஆனது. மை தொட்டு எழுதலாம் போலிருந்தது. அதன் பிறகுதான் கஷாயம் வைத்தார்.

தோல், சல்லிவேர், கொட்டிய தண்ணீர் எல்லாம் மடத்து ஆட்டின் தொட்டிக்குப் போயின.

தொல்சே கஷாயத்தைக் குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்குங்க."

"வேற?"

தொல்சே யோசித்தான். பாவம், பெரியவர் மனம் நோகக் கூடாது.

"நல்லா சூடா இருக்குங்க."

தினமும் இதே கதை. தொல்சே எழவில்லை. ஆடு எழுந்தது.

அது படுத்தே காலம் தள்ளிய கிழட்டு ஆடு. முதலில் வேலியைத் தின்றது. பிறகு கூரையில் ஏறி நின்று கத்தியது. ஒரு நாள் காலையில், வேரை அலசக் குனிந்திருந்த சாங்முவைப் பின்னாலிருந்து ஒரே முட்டு. அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தார்.

சொட்டச் சொட்டக் குருவிடம் வந்தார்.

"குருவே, ஆட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு!"

"தொல்சே எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் கிடக்கான்."

"ஆட்டுக்கு என்ன போட்டீங்க?"

சாங்மு சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஹேவொன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துச் சமையலறைக்குப் போனார்.

வேரிலிருந்த மண்ணை மட்டும் கழுவினார். தோலோடும் சல்லிவேரோடும் ஆவியில் வேகவைத்தார். வெயிலில் காயப்போட்டார். வேர் செம்பழுப்பாகிச் சுருங்கியது. அதைப் பானையிலிட்டு, மூடி போட்டு, சிறு தீயில் வைத்தார்.

தொல்சே ஒரு வாய் குடித்தான்.

"ஐயோ, கசக்குதே!" என்று அலறினான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் குரல் அறையைத் தாண்டிக் கேட்டது அன்றுதான். பனி விழுமுன் அரிசி அவன் முதுகிலேறி மடத்துக்கு வந்து சேர்ந்தது.

சாங்மு பானையை முகர்ந்து பார்த்தார்.

"வேற என்ன சேர்த்தீங்க, குருவே?"

"ஒண்ணும் சேர்க்கலையே."

"பச்சை வேர்ல இந்த நிறமும் இல்லை, மணமும் இல்லை. அப்போ ஆவி கொண்டுவந்து குடுத்துச்சா?"

"ஆவிகிட்ட ஏது? அது வெறும் தண்ணி."

சாங்மு தலையைச் சொறிந்தார். பிறகு நெஞ்சில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"அவனை எழுப்பினது நீங்க. ஆடை கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் மனசு கேட்கலை, குருவே. இங்க வந்ததுலேருந்து என்னை எவ்வளவு சுத்தம் பண்ணியிருக்கேன் தெரியுமா? கோபத்தை விட்டேன். பாட்டை விட்டேன். பேரன் ஞாபகம் வந்தா அப்படியே துடைச்சுப் போடுவேன். இப்பல்லாம் அழுகையும் வர்றதில்லை, சிரிப்பும் வர்றதில்லை. வெள்ளைக் காகிதமா இருக்கேன்."

ஹேவொன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அதையெல்லாம் எந்த ஆட்டுக்குப் போட்டீங்க?"