காக்கை தொடாத பானகம்

"ஊசி போட்டாச்சுன்னா எலையப் போட்டிரணும்டா. அதுக்கப்புறம் சாமியே வந்தாலும்…" என்று சோலையப்பன் மகனிடம் சொல்வார். சாமியே வந்தாலும் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தவசிக்கு மறந்து போயிருந்தது. அப்பா போய் ஓராண்டு ஆகிவிட்டதால் கேட்டுக்கொள்ளவும் வழியில்லை.

நைரோபியில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, அப்பாவின் வருஷப் படையலுக்கென்று அருப்புக்கோட்டைக்கே திரும்பி வந்திருந்தான் அவன். அப்பாவின் வழுக்கையும் கனத்த குரலும் வந்ததுபோல அவருடைய சர்க்கரை நோயும் அவனுக்கு வந்திருந்தது. அவரைப் போலவே சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவன்.

அப்பா போன விதத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குடித்துவிட்டு வந்தார். தானே ஊசியைப் போட்டுக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார். அம்மா அழகம்மாளுக்குக் கோபம். "தெளிஞ்சு வாங்க, சோறு போடறேன்" என்று போட்ட இலையை எடுத்துவிட்டாள். அவர் வேர்க்க வேர்க்க ஏதோ குழறிவிட்டுப் படுத்தார். போதை என்று விட்டுவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் எழுப்பப் போனால் உடம்பு சில்லிட்டிருந்தது. அன்றிலிருந்து அம்மா இலையில் சாப்பிடுவதில்லை.

இப்போது மொட்டை மாடியில் அவருக்கு இலை போட்டிருந்தது. கறிக்குழம்பு, பணியாரம், ஒரு செம்பில் வெல்லப் பானகம். சூடம் காட்டியாயிற்று. காக்கை வந்து எடுத்தால் சாப்பிடவேண்டியதுதான். வழக்கம்போல் தவசியும் இலை போட்டதைப் பார்த்ததும் கீழே போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

காக்கை வரவில்லை. பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டு, அதற்குக் காவலாகக் கட்டியிருந்த கறுப்புத் துணிதான் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் உசிரோட இருக்கப்பவே பந்திக்கு முந்த மாட்டாரு. ஊத்திக்கிட்டுத்தான் வருவாரு" என்றார் குருசாமி சித்தப்பா.

"ஊத்திவிட்டதே நீங்கதான சித்தப்பா" என்றாள் தங்கை வடிவு. அப்பாவுக்குக் கடைசிவரை பார்த்துப் பார்த்துப் பத்தியச் சமையல் செய்தவள். "ஏண்ணே, ஊசி போட்டுட்டயா? அப்பக் கீழ வா, ரெண்டு இட்லியாச்சும் தின்னு."

"காக்கா எடுக்காம தலப்புள்ள வாயில வைக்கலாமாடி? செத்த பொறுக்கட்டும்" என்றாள் அம்மா.

தவசி பொறுத்தான். வெயில் ஏறியது. "அவருக்குப் பிடிச்சத வைக்கல, அதான் வர மாட்டேங்கிறாரு" என்று சித்தப்பா இடுப்பிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றி இலையோரம் வைத்தார். அதற்கும் காக்கை வரவில்லை. "அப்பா சார்பா நீ குடிச்சிருடா. அவரு மனசு ஆறும்" என்று டம்ளரைத் தவசியிடம் நீட்டினார். வேண்டாம் என்றால் அப்பாவை வேண்டாம் என்பது போலிருந்தது. குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. கை நடுங்கியது. காரணமில்லாமல் எல்லார்மேலும் எரிச்சல் பொங்கியது. சர்க்கரை கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்குத் தடித்துப் புரண்டு வெளியே வந்த சத்தம் அவனையே உலுக்கியது. அது அப்பாவின் குரல். அந்தக் கடைசி மதியத்தில் அம்மாவும் வடிவும் கேட்ட குழறல்.

"அண்ணன் எறங்கிட்டாரு!" என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அந்த வேர்வையப் பாரு, அந்த நாக்கப் பாரு! அண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

அம்மா அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற பிள்ளையை அவள் இப்படி, புருஷனைப் பார்ப்பதுபோல், அண்ணாந்து பார்த்ததே இல்லை.

"ஏங்க, வந்துட்டீகளா? போட்ட எலைய எடுத்த பாவிங்க நான். எம்மேல கோவமா இருக்கீகளா?"

தவசியின் தலை இப்படியும் அப்படியுமாக ஆடியது.

"இல்லேங்கிறாக!" அம்மா வெடித்து அழுதாள்.

வடிவு இலையிலிருந்த பானகச் செம்பை எடுத்தாள். சர்க்கரை நோயாளி வீடு. கீழே ஒரு கரண்டிச் சீனி கிடையாது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காக்கா தொடலடி. அதக் குடுத்தா அவுக போயிருவாக. இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"போன வருசமும் இப்படித்தாம்மா வேர்த்துச்சு" என்று கையை உதறிவிட்டு, வடிவு செம்பை அண்ணன் வாயில் வைத்தாள்.

செத்த அண்ணனின் ஆசை என்று டம்ளரை நீட்டினார் சித்தப்பா. ஓராண்டாக நெஞ்சை அறுத்த ஒன்றைக் கேட்டுவிடத் துடித்தாள் அம்மா. செத்தவருக்கு வைத்ததைக் காக்கைக்கு முன்பே எடுத்துக் கொடுத்தாள் வடிவு. இதில் யார் செய்தது சரி? தவசிக்குள் வந்து தலையாட்டியது யார்?

விடை: வடிவு செய்ததுதான் சரி. இன்சுலின் போட்டவன் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் மதுவும் சேர்ந்தது. ஊசி சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். அப்போது சேமித்த சர்க்கரையை விட்டுக் கைகொடுக்கவேண்டிய ஈரலை மது கட்டிப்போட்டுவிடும். வேர்வையும் நடுக்கமும் குழறலும் பார்ப்பவருக்குப் போதையாகத் தெரியும், ஆவியாகவும் தெரியும். விழுங்க முடிகிறபோதே இனிப்பைக் கொடுத்ததால் அவன் பிழைத்தான். காக்கையை விரட்டியது பக்கத்து மாடித் துணி. தலை ஆடியது நடுக்கத்தில். தெளிந்து எழுந்தபோது தவசிக்கு இது அத்தனையும் தெரிந்திருந்தது. அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சொல்லுய்யா, தலையாட்டுனது அவுகதான?"

"ஆமாம்மா. அப்பாதான்" என்றான்.