வரி போட்டவள்

முன்னொரு காலம் என்று ஒன்று இருந்ததே, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கண்ணயர்ந்த காலம், அந்தக் காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பெயர் உறங்காமுடி. பெயர்தான் அப்படி. ரசத்தில் தொடங்கும் கொட்டாவி பாயசம் வருவதற்குள் கன்னத்தைக் கிழித்துவிடும்.

அவருக்கு ஒருநாள் ஓர் ஆசை வந்தது. தனக்கு வரும் தூக்கம், அதே நேரத்தில், ஒரே தாலாட்டில், குடிமக்கள் அத்தனை பேருக்கும் வர வேண்டுமாம். ராஜாவின் ஆசை, யார் மறுப்பது? தேர் அளவுக்கு ஒரு பட்டம் கட்டினார்கள். அதன் வயிற்றில் ஒரு வெள்ளிச் சங்கைத் தொங்கவிட்டு வானத்தில் ஏற்றினார்கள். அந்தச் சங்கில் ஒரு தடவை பாடினால் போதும், மறக்காது. தினமும் உச்சிப்பொழுதில் கயிற்றை அசைத்தால் பாடும். கீழே வீட்டுக்கு வீடு நிலைப்படியில் ஒரு குட்டிச் சங்கு, வானத்துப் பாட்டைப் பிடித்து உள்ளே ஊற்ற. அதற்கு மாதம் ஒரு பணம் சங்கு வரி.

பாடியவள் பவளாயி, தெற்குத் தெருக்காரி. பாட்டும் அவள் கட்டியதுதான்.

'குளத்து மீனே கண்ண மூடு, கொக்கும் தூங்கப் போயாச்சு' என்று அது தொடங்கும். மீனுக்கு ஏது இமை என்று கேட்டவர் கருவூலத் தலைவர் ஏகநாயகர் ஒருவர்தான். மற்றவர்கள் கேட்பதற்குள் தூங்கிவிட்டார்கள். பாட்டு இறங்கும்போது சந்தையில் தராசுத் தட்டு பாதியில் நின்று ஆடும். அடுப்பில் பால் பொங்க மறந்து யோசிக்கும். ஓட்டு இடுக்கில் இறங்கிய வெயில்கூட தரையில் தலைசாய்த்துப் படுத்துக்கொள்ளும். ஊர் முழுக்க ஒரே கனவு, தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல.

பவளாயிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவளுடைய யாழ் அடகுக்கடையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் கடைக்காரருக்கே சொந்தம். அவர் மருமகள் இப்போதே அதில் ஈரத்துணி காயப்போடுகிறாள் என்று தெருவில் பேச்சு. யாழ் போனால் அடுத்த பாட்டு ஏது? புதன்கிழமை அவள் சபைக்கே போய்விட்டாள்.

"மவராசா, தெனமும் எம் பாட்டுதான் பாடுது. ஊரே பணம் கட்டுது. அதுல எனக்கும் ஒரு பங்கு குடுங்க."

ஏகநாயகர் எழுந்தார். "அரசே! பட்டம் நம்முடையது. சங்கும் நம்முடையது. பாட்டு என்பது வெறும் காற்று. வாயை விட்டுப் போனபின் அது யாருக்குச் சொந்தம்? பாடிய அன்று இவளுக்கு இலை போட்டுச் சோறு போட்டோம். பாயசம்கூட இரண்டாம் முறை கேட்டாள்."

"நான் எங்கே கேட்டேன்? நீங்களாத்தான் ஊத்துனீங்க."

"அதுமட்டுமா? ஊரெங்கும் இவள் புகழ் பரவுகிறதே. அதைவிடக் கூலி வேண்டுமா?"

தூணோரம் உட்கார்ந்திருந்த விகடகவி பேயாண்டி கைகூப்பினான். "அரசே, அருமையான யோசனை. இந்த மாதம் முதல் ஏகநாயகருக்கும் சம்பளத்தைப் புகழாகவே கொடுத்துவிடலாம்."

சபை சிரித்தது. ஏகநாயகர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. போன தீபாவளிக்கு ராஜா பேயாண்டிக்குப் போர்த்திய சால்வை இன்னும் ஏகநாயகர் நெஞ்சில்தான் முள்ளாகக் கிடந்தது.

"அரசே, வரியில் பங்கு கேட்பவருக்கும், அவருக்காகப் பரிந்து பேசுபவருக்கும் காதை அறுக்க வேண்டும். நாளையே சட்டம் எழுதி வருகிறேன்," என்றார், பேயாண்டியின் காதையே பார்த்தபடி. ராஜா கொட்டாவியோடு தலையாட்டினார்.

கோட்டை வாசலில் பவளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால உங்க காதுக்கு ஆபத்து வந்துடுச்சே, அண்ணே."

"போனா போகுது தங்கச்சி. அந்த ஆளு பேச்சைக் கேக்காம நிம்மதியா இருக்கலாம். ஆமா, இந்தப் பாட்டைக் கட்ட உனக்கு எத்தனை நாளாச்சு?"

"மெட்டு ஒரே மத்தியானத்துல வந்துடுச்சு. வரி போடத்தான் எட்டு மாசம். மாசத்துக்கு ஒரு வரி."

வெற்றிலையை மென்றுகொண்டிருந்த பேயாண்டியின் தாடை நின்றது. "என்னது? என்ன போட்டே?"

"வரி."

"யாரு போட்டது?"

"நான்தான். பின்னே, உங்க ஏகநாயகரா வந்து போட்டாரு?"

பேயாண்டி சிரித்துக்கொண்டே போய்விட்டான். போனவன் எங்கே போனான் என்கிறீர்கள்? நேராக ஏகநாயகர் வீட்டுக்கு! உட்கார்ந்து ஏழு உளுந்துவடை தின்றானாம், சட்டம் எழுத உதவியும் செய்தானாம். சாயங்காலத்துக்குள் இது தெற்குத் தெருவுக்கு வந்துவிட்டது. பவளாயி அன்று சோறே வடிக்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செப்பேட்டைச் சபையில் வாசித்தார்கள்.

'இந்நாட்டில் வரி என்பது, சிறிதோ பெரிதோ, எவ்வகையினதோ, அதைப் போட்டவர்க்கே முழுதும் உரியது. போட்டவர் சம்மதமின்றி அதை எடுத்துப் புழங்குவோர், அரண்மனையாரே ஆயினும், இரு காதும் இழப்பர்.'

'எவ்வகையினதோ' என்பதும் 'அரண்மனையாரே ஆயினும்' என்பதும் பேயாண்டி சேர்க்கச் சொன்னவை. கருவூலத்தில் கைவைக்கும் ராணியின் தம்பியை அடக்கலாம் என்று ஏகநாயகரும் ஆசையாகச் சேர்த்துக்கொண்டார். ராஜா முத்திரை வைத்தார். கூட்டத்தின் கடைசியில் நின்ற பவளாயி திரும்பி நடந்தாள். பேயாண்டி ஓடிவந்து வழிமறித்தான்.

"உச்சிப்பொழுது வரைக்கும் இரு, தங்கச்சி. எனக்காக இல்ல, யாழுக்காக."

உச்சிப்பொழுதும் வந்தது. ராஜா ஊஞ்சலில் சாய்ந்தார். ஏகநாயகரே கயிற்றை அசைத்தார். வானம் பாடத் தொடங்கியது. குளத்து மீன் கண்ணை மூடியது, கொக்கு தூங்கப் போனது, ராஜாவின் மீசை மெல்லத் தாழ்ந்தது.

"திருட்டு! திருட்டு!"

ராஜா பதறி எழுந்தார். எதிரே பேயாண்டி, ஒரு கையில் செப்பேடு. பக்கத்தில் கத்தியைத் தீட்டியபடி அரண்மனை நாவிதர். பின்னால் ஒன்றும் புரியாமல் பவளாயி.

"யாரடா திருடன்?"

"வரித் திருடன், அரசே. இந்தப் பாட்டில் எட்டு வரி. பவளாயி, அந்த வரிகளைப் போட்டது யார்?"

பவளாயிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "நான்தான் மவராசா! ஒவ்வொரு வரியும் நான் போட்டது. எடுத்துக்கோங்கன்னு நான் யாருக்கும் சொல்லல."

"அது பாட்டு வரி!" ஏகநாயகர் அலறினார். "சட்டம் சொன்னது பண வரி!"

"எவ்வகையினதோ என்று எழுதிய கை யாருடையது, ஐயா?"

ஏகநாயகர் தன் கையையே பார்த்தார்.

"எடுத்தவர் இவர், புழங்கியவர் தாங்கள்," என்றான் பேயாண்டி பணிவாக. "ஓராண்டாக நாளுக்கு எட்டு வரி. உங்கள் இருவரிடமும் சேர்த்தே நான்கு காதுதான் இருக்கிறது அரசே. மீதியை எங்கே போய் அறுப்பது என்று நாவிதர் கவலைப்படுகிறார்."

ராஜா தன் காதைத் தொட்டுப் பார்த்தார். ஏகநாயகரோ தலைப்பாகையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஊஞ்சல் தானாக ஆடும் அளவுக்குச் சிரித்தார். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

அன்று முதல் சங்குக்குச் சங்கு கால் பணம் பவளாயிக்கு என்று ஆணையாயிற்று, கழிந்த ஓராண்டுக்கும் சேர்த்து. பேயாண்டிக்கு ஒரு ஜோடி வைரக் கடுக்கன். காதைப் பணயம் வைத்தவனுக்கு வேறென்ன கொடுப்பது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் யாழ் வீடு வந்து சேர்ந்தது, கொஞ்சம் ஈரத்தோடு. அடுத்த பௌர்ணமிக்குள் பவளாயி ஒன்பதாவது வரியைப் போட்டுவிட்டாள். மறுநாள் வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஏகநாயகர்தான். வெயிலிலும் தலைப்பாகை காதை மூடியிருந்தது.

"அம்மா... அந்தப் புது வரியை எடுத்துக்கொள்ளலாமா?"

"உள்ளே வந்து உக்காருங்க சாமி," என்றாள் பவளாயி. "பாயசம் கொண்டாரேன். ரெண்டாந்தரம் மட்டும் கேக்காதீங்க."